ஆற்றுக்கு அடியில் மெட்ரோ: எங்கள் குடும்பக் குழுவில்

கொல்கத்தா அண்ணா: [வீடியோ] ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு வரை மெட்ரோவில் வந்தேன். சுவரில் நீல விளக்கு தெரிகிறதே, அந்த இடம்தான் ஹூக்ளி ஆற்றுக்கு அடி. 520 மீட்டர். முக்கால் நிமிடத்தில் தாண்டிவிடுகிறது.

சித்தி: தலைக்கு மேலே ஆறா! தண்ணீர் கசியாதா?

பெரியப்பா: கசியாது. ஆற்றுத் தரைக்கும் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் 13 மீட்டர் மண் இருக்கிறது. இயந்திரம் முன்னால் குடைந்துகொண்டே போகும். பின்னாலேயே செக்மென்ட் என்கிற வளைந்த கான்கிரீட் துண்டுகளை வளையம் வளையமாகப் பூட்டிக்கொண்டு வருவார்கள். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையில் உள்ள சந்தில் கிரவுட், அதாவது சிமென்ட் குழம்பு, அடித்து நிரப்புவார்கள்.

பெரியப்பா: செக்மென்ட் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை உண்டு. அதில் ஒரு வகை, தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும். இடுக்கு தானாக அடைபட்டுவிடும். நம் ஆட்கள் செய்த அருமையான வேலை அது.

மந்தைவெளி அத்தை: அண்ணா, எங்கள் பக்கமும் மெட்ரோ சுரங்கம்தானே. ஆற்றுக்கு அடியிலேயே ஒன்றும் ஆகவில்லை என்றால் நம் வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது?

பெரியப்பா: அப்படிக் கணக்குப் போடாதே அம்மா. அதே கொல்கத்தா பாதையில், 2017-இல் ஆற்றைச் சிக்கல் இல்லாமல் கடந்துவிட்டார்கள். அடி விழுந்தது ஊருக்குள்தான். 2019 ஆகஸ்ட் 31, பௌபஜார். 'சண்டி' என்ற இயந்திரம் தண்ணீர் ஊறிய மணல் அடுக்கில் இடித்துக்கொண்டது. தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே தரை இறங்கிவிட்டது. பழைய வீடுகள் பிளந்தன, சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

கொல்கத்தா அண்ணா: ஆமாம் அத்தை. ஆற்றுப் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. பௌபஜார் வழியாகப் போகும் நடுப்பகுதிக்கு 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

நான்: நம் அடையாறு ஆற்றுக்கு அடியிலும் தோண்டினார்களே பெரியப்பா?

பெரியப்பா: தோண்டினார்கள். பசுமைவழிச் சாலையிலிருந்து அடையாறுக்கு, 'காவேரி', 'அடையாறு' என்று இரண்டு இயந்திரங்கள். ஆறு என்றால் எல்லோரும் முன்கூட்டியே உஷாராக இருப்பார்கள். வீடுகளுக்கு அடியில் மண் எங்கே மாறுகிறது என்பதுதான் பெரிய தலைவலி. சென்னையில் கொஞ்ச தூரம் பாறை, அப்புறம் மணல், அப்புறம் களிமண். 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கியது ஞாபகம் இருக்கிறதா?

மந்தைவெளி அத்தை: பயமாக இருக்கிறதே அண்ணா. மெட்ரோ வேண்டும்தான், முட்டிவலியோடு பஸ் ஏற முடியவில்லை. ஆனால் வீடு அப்பா கட்டியது.

பெரியப்பா: பயப்படாதே. இப்போது இருக்கும் விரிசல்களை எல்லாம் தேதி போட்டுப் படம் எடுத்து வை. மெட்ரோவிலிருந்து வீட்டின் நிலையைக் கணக்கெடுக்க வருபவர்களை எல்லா அறைக்கும் கூட்டிப் போய்க் காட்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரு பிரதி கேள். பெரிய விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். உடனே சொல்.

மந்தைவெளி அத்தை: வாசல் தூணில் பளபளவென்று ஏதோ சின்ன வில்லை ஒட்டிவிட்டுப் போனார்கள். பேரன் அதைப் பிடுங்கப் பார்க்கிறான்.

பெரியப்பா: பிடுங்க விடாதே! வீடு இறங்குகிறதா என்று அதைப் பார்த்துத்தான் அளப்பார்கள்.

மந்தைவெளி அத்தை: [படம்] சமையலறைச் சுவர். இது முன்பே இருந்ததுதான்.

பெரியப்பா: பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து மறுபடி எடு. கண்ணாடி ஒட்ட ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.