ரோக் கேமில் நார்வால் வேட்டை: நிஜத்திலும் இப்படித்தானா?

கடற்காகம்:
பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறதே என்று போன வாரம்தான் அசாசின்ஸ் கிரீட் ரோக் ஆரம்பித்தேன். வட அட்லாண்டிக் மேப்பில் நார்வால் (நீண்ட கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் திமிங்கலம்) குறி தெரிந்ததும் என் கப்பல் மோரிகனை நிறுத்திவிட்டு சின்னப் படகில் இறங்கினேன். முதல் ஈட்டி பட்டதும் படகை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, முங்குகிறது, அப்புறம் எங்கிருந்தோ கிளம்பி வந்து நேராகப் படகில் முட்டுகிறது. மூன்று தடவை போச்சு. கதை நடப்பது 1750களில்தானே, அப்போது நிஜமாகவே இப்படித் துரத்தி வேட்டையாடினார்களா? அந்தக் கொம்பு படகைக் குத்துமா?

உப்புக்காற்று:
முதலில் ஜெயிக்கிற வழி. முங்கினதும் ஈட்டியை வீணாக்காமல் தண்ணீரையே பார், பாய்ந்து வரும்போது குனிந்துகொள். காசு சேர்ந்ததும் ஹார்பூன் (அந்த ஈட்டி) எண்ணிக்கையை ஏற்றிவிடு, பாதி வேலை முடிந்தது.

பனிப்பாறை:
குத்தாது. முதலில் அது கொம்பே இல்லை, மேல்தாடையில் இடப்பக்கப் பல், உதட்டைத் துளைத்துக்கொண்டு முறுக்கு முறுக்காக 2, 3 மீட்டர் வரை வளரும், அதுவும் பெரும்பாலும் ஆணுக்குத்தான். நார்வால் ரொம்பக் கூச்ச சுபாவம், துடுப்புச் சத்தம் கேட்டாலே ஆழத்துக்குப் போய்விடும், 1500 மீட்டருக்குக் கீழேகூட முங்கும். அதனால் கிரீன்லாந்து இனுயிட் பழங்குடி வேட்டைக்காரர்கள் கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகில் சத்தமே வராமல் பின்பக்கமாக நெருங்கி எறிவார்கள். ஈட்டியின் முனை மட்டும் கழன்று உடம்புக்குள் மாட்டிக்கொள்ளும், கயிற்றின் மறுமுனையில் காற்றடைத்த கடல்நாய் (சீல்) தோல் பை. படகை இழுத்துப் போவதற்குப் பதில் அது அந்த மிதவையை இழுத்து இழுத்துக் களைத்துப்போகும், செத்தாலும் மூழ்கிக் காணாமல் போகாது. வடமேற்கு கிரீன்லாந்தின் கானாக் பக்கம் இன்றைக்கும் முதலில் ஈட்டி, பிறகுதான் துப்பாக்கி என்பது விதி. ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கடற்காகம்:
அட, அந்த மிதவையைக் கேமில் வைத்திருக்கலாமே! அப்போ 1750களில் வெள்ளைக்காரக் கப்பல்கள்?

பனிப்பாறை:
கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள டேவிஸ் நீரிணைக்கு டச்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் போனது பெரிய போஹெட் திமிங்கலத்துக்காக, எண்ணெய் அதில்தான். நார்வால் தந்தம் பெரும்பாலும் இனுயிட் மக்களிடம் பண்டமாற்றில் வாங்கியது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் அதை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு, விஷ முறிப்பான் என்று சொல்லி கொள்ளை விலைக்கு விற்றார்கள். 1638லேயே ஓலே வோர்ம் என்ற டேனிஷ் மருத்துவர் இது நார்வால் பல் என்று காட்டிவிட்டார். அதற்கப்புறமும் 1671ல் டென்மார்க் ராஜாவுக்கு முடிசூட்டு விழா நாற்காலியை இந்தப் பல்லை வைத்தே செய்திருக்கிறார்கள், இன்றும் ரோசன்போர்க் கோட்டையில் இருக்கிறது. கேமில் நமக்குத் தோல்தான் கைக்கு வருகிறது, நிஜத்தில் பணம் தந்தத்தில். இனுயிட்டுக்கோ தோல்தான் முக்கியம், கொழுப்போடு சேர்த்து மக்டக் என்று பச்சையாகவே சாப்பிடுவார்கள், காய்கறி முளைக்காத ஊரில் வைட்டமின் சி அதிலிருந்துதான்.

நண்டுக்கால்:
இடம்தான் கேமில் உதைக்கிறது. நார்வால் அந்த நீரிணைக்கு வடக்கே பாஃபின் விரிகுடா பக்கத்து ஆள், நியூஃபவுண்ட்லாந்து வரை தெற்கே வருவது ரொம்ப அபூர்வம். ஆனால் 2016ல் ஒரு குட்டி ஆண் வழிதவறி கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கே வந்து பெலுகா (வெள்ளைத் திமிங்கலம்) கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது, அப்புறம் வருஷா வருஷம் அதே கூட்டத்தோடு பார்த்திருக்கிறார்கள்.

கடற்காகம்:
நேற்று நாலாவது தடவை பிடித்துவிட்டேன், குனிந்துகொண்டதுதான் வேலை செய்தது. இப்போது மேப்பில் இன்னொரு நார்வால் குறி தெரிகிறது, அந்தக் குட்டியைப் படித்த பிறகு படகை இறக்க மனசு வரவில்லை.


உப்புக்காற்று:
அப்போ சுறாவைத் தேடு.