ஆல்பைனில் நகல் எடுக்கப் போய் எழுதிய கடிதமே காணவில்லை, மீட்க வழி உண்டா?

கேட்பவர்: குலசேகரம்

வணக்கம். எனக்கு ரப்பர் தோட்டமும் தேன்பெட்டிகளும்தான் தெரியும், கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வீட்டில் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இங்கே சிக்னலும் சரியாகக் கிடைக்காது. பிரவுசரில் ஜிமெயில் திறப்பதற்குள் லைன் போய்விடும். அதனால் என் மருமகன் லினக்ஸ் போட்டு, கறுப்புத் திரையில் ஓடும் ஆல்பைன் என்ற மின்னஞ்சல் நிரலை வைத்துத் தந்தான். பத்து நாளாக அதில்தான் படிக்கிறேன். வேகம் கொள்ளாம்.

நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு நீண்ட கடிதம் தமிழில் தட்டினேன். திருநெல்வேலியில் தங்கை மகள் புதிதாக ஆறு பெட்டி வைத்திருக்கிறாள். அதில் இரண்டில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி, நீர் நிறைந்த பை மாதிரி செத்துக் கிடக்கின்றன என்று சொன்னாள். 1991, 92-ல் தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய் சாக்புரூட்' என்ற நச்சுயிரி வந்து எங்கள் பக்கம் பெட்டி பெட்டியாகக் காலியானபோது அப்பா செய்ததையெல்லாம் அவளுக்கு எழுதினேன். தப்பிப் பிழைத்த கூட்டின் ராணிகளிலிருந்து எப்படித் திரும்பப் பெருக்கினார் என்பது வரை.

முடித்துவிட்டு, ஒரு பத்தியை நகல் எடுக்கலாம் என்று கண்ட்ரோலும் சி-யும் அழுத்தினேன். கீழே ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. சி என்று ஒரு எழுத்து தெரிந்தது, அதையே அடித்தேன். கடிதம் மறைந்துவிட்டது. மருமகன் கப்பலில் இருக்கிறான், கேட்க முடியவில்லை. அவள் காத்திருக்கிறாள். யாராவது உதவுங்கள்.

பதில்: நாகர்கோவில்

அண்ணாச்சி, முதலில் ஒன்று: இனி ஆல்பைனில் எந்தக் கடிதத்தையும் ரத்து செய்யாதீர்கள். உங்கள் கடிதம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

ஆல்பைனில் கண்ட்ரோல் சி என்றால் நகல் இல்லை, எழுதுவதை ரத்து செய்வது. கேட்ட கேள்வி, 'உறுதியாகக் கைவிடவா' என்பது. அதற்கு சி என்பது 'ஆம்'. ஆனால் ரத்து செய்த கடிதத்தை அது உங்கள் ஹோம் கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதி வைக்கும். பெயர் டெட், புள்ளி, லெட்டர். ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். அடுத்த கடிதத்தை ரத்து செய்தால் பழையதின் மேலேயே எழுதிவிடும், அதனால்தான் அவசரப்பட்டுச் சொன்னேன்.

கோப்பு மேலாளரைத் திறந்து, அந்தக் கோப்பை நகல் எடுத்து வேறு பெயரில் வையுங்கள். அப்புறம் ஆல்பைனில் புதுக் கடிதம் தொடங்கி, கண்ட்ரோல் ஆர் அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால் உள்ளே வந்துவிடும்.

குலசேகரம்

தம்பி, கோப்பு இருக்கிறது! நகலும் எடுத்துவிட்டேன். ஆனால் கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் கடிதம் வரவில்லை. மேலே பெறுநர் பகுதியில் இன்னும் சில வரிகள்தான் கூடின.

நாகர்கோவில்

என் தப்பு, சொல்லாமல் விட்டேன். கர்சர் தலைப்பு வரிகளில் இருந்தால் கண்ட்ரோல் ஆர் கூடுதல் வரிகளைக் காட்டும். கீழ் அம்புக்குறியை அழுத்தி, கோட்டுக்குக் கீழே கடிதம் எழுதும் இடத்துக்கு வந்து அழுத்துங்கள்.

குலசேகரம்

வந்தது. ஆனால் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. மேலே என் முகவரி, தேதி, அதற்குக் கீழே ஆங்கில எழுத்தும் எண்ணுமாகத் திரை நிறைய ஓடுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: தக்கலை

அண்ணா, கெடவில்லை. மின்னஞ்சல் வழியில் எங்கும் சிதையாமல் போகத் தமிழை அப்படி மாற்றி எழுதுவது வழக்கம். படிக்கும் நிரல்தான் திரும்பத் தமிழாக்கும். நீங்கள் அதை வெறும் எழுத்தாக உள்ளே இழுத்ததால் பச்சையாகத் தெரிகிறது. கடிதப் பெட்டியாகத் திறந்தால் சரியாகிவிடும்.

இப்போது திறந்திருக்கும் கடிதத்தை ரத்து செய்ய வேண்டாம். கண்ட்ரோல் ஓ அழுத்துங்கள், அது 'பிறகு எழுதுகிறேன்' என்று ஒதுக்கி வைக்கும். அடுத்து ஜி என்ற எழுத்து. எந்தக் கோப்புறைக்குப் போக என்று கேட்கும். அலைக்கோடு (~), சாய்கோடு (/), அதை ஒட்டியே டெட் புள்ளி லெட்டர் என்று தட்டி எண்டர். பட்டியலில் ஒரே ஒரு கடிதம் இருக்கும், திறந்து பாருங்கள்.

ஒன்று முக்கியம்: விசைப்பலகை தமிழில் இருந்தால் ஜி வேலை செய்யாது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் இதில் அரை மணி நேரம் முட்டிக்கொண்டேன்.

குலசேகரம்

விசைப்பலகை தமிழில்தான் இருந்தது. மாற்றி அடித்தேன். அப்பா பெயரோடு முதல் வரி திரையில் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுக் கடிதமும் இருக்கிறது. இதை அவளுக்கு எப்படி அனுப்புவது?

தக்கலை

கடிதம் திறந்திருக்கும்போதே எஃப் அடியுங்கள், முன்னனுப்பும். அவளது முகவரியைத் தட்டி, மேலே ஆங்கிலத்தில் வரும் 'ஃபார்வர்டட்' பகுதியின் வரிகளில் கர்சரை வைத்து கண்ட்ரோல் கே அழுத்தினால் ஒவ்வொன்றாகப் போய்விடும். எல்லாம் சரி என்றால் கண்ட்ரோல் எக்ஸ். இது விண்டோஸில் வெட்டுவதற்கு, இங்கே அனுப்புவதற்கு. உறுதியா என்று கேட்கும், ஒய் அடியுங்கள்.

நாகர்கோவில்

இனிமேல் நகல் எடுக்க கண்ட்ரோலோடு ஷிஃப்டும் சேர்த்துச் சி அழுத்துங்கள், அதை ஆல்பைன் பார்க்காது, திரைச் சாளரமே எடுத்துக்கொள்ளும். நீண்ட கடிதமானால் உரைத் திருத்தியில் தமிழில் தட்டிச் சேமித்துவிட்டு, கண்ட்ரோல் ஆர் கொண்டு உள்ளே கொண்டுவாருங்கள். அது வெறும் உரை, அதனால் தமிழாகவே வரும். கரண்ட் போனாலும் கடைசியாகச் சேமித்தது வரை மிஞ்சும்.

எப்போதும் திரையின் அடியில் உள்ள இரண்டு வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குறி (^) போட்டிருந்தால் கண்ட்ரோல் சேர்த்து என்று பொருள். இதன் முன்னோடியான பைன், 1989-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்குள்ள அலுவலக ஊழியர்களுக்காகத்தான் எழுதினார்கள். அதனால்தான் அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று திரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

குலசேகரம்

அனுப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் அவள் பதில் வந்துவிட்டது, இன்று சாயங்காலமே நோய் கண்ட இரண்டு பெட்டியையும் மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்கிறாளாம். உங்கள் இரண்டு பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்: என் திரையில் 'கொ', 'தே' போன்றவற்றில் கொம்பு எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறது. அவளுக்கும் அப்படியே போயிருக்குமோ?

தக்கலை

இல்லை அண்ணா. அது உங்கள் டெர்மினல், அதாவது ஆல்பைன் ஓடும் அந்தக் கறுப்புத் திரைச் சாளரம், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைப்பதால் வருவது. கடிதத்துக்குள் எழுத்து சரியாகவே இருக்கிறது, அவளது போனில் ஒழுங்காகத் தெரியும். உங்களுக்கும் சரியாகத் தெரிய வேண்டுமானால் எம்எல்டெர்ம் என்ற வேறு டெர்மினலைப் போட்டுப் பாருங்கள், இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரிந்தது அது. மருமகன் கரைக்கு வந்ததும் போடச் சொல்லலாம்.