செடி 500 ரூபா, கொரியர் 490 ரூபா: மலையில இருந்து அனுப்புறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

கந்தப்பளைச் செடிக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால இருக்கிற துண்டு நிலத்துல பூச்செடி வளக்கிறேன். சக்யூலன்ட்தான் (சதைப்பிடிச்ச இலைச் செடி) கூட. அதோட பெகோனியா, பியூசியா, ஹைட்ரேஞ்சியா. போட்டோ எடுத்து ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல போட்டதும் கொழும்பு, நீர்கொழும்பு, குருணாகல்னு ஆளுங்க கேட்டு வர ஆரம்பிச்சாங்க. ஆள் வருது, சல்லிதான் நிக்க மாட்டேங்குது.

ஒரு செடி 250 ரூபா. நான் குடுக்கிற கொரியர்ல முதல் கிலோவுக்கு 400, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோவுக்கும் 90. சின்னச் சாடியில ஈர மண்ணோட ரெண்டு செடி வச்சாலே ஒரு கிலோ தாண்டிருது. 500 ரூபா செடிக்கு 490 ரூபா கூலி. இதைச் சொன்னதும் பாதிப் பேர் பதிலே போட மாட்டாங்க. மீதிப் பேர் "பொருள் கைக்கு வந்தாத்தான் காசு"ங்கிறாங்க. அப்படி அனுப்பினா, பார்சல் போய்ச் சேர்ற நேரம் சிலர் போனையே தூக்க மாட்டாங்க. பெட்டி திரும்பி வரும்போது உள்ள செடி அழுகிப் போயிருக்கும். திருப்பிக் கொண்டுவந்த கூலின்னு பாதிக் காசையும் எங்கிட்டதான் பிடிப்பாங்க. ரசீதுக்குப் பின்னால "உயிருள்ள செடிகளுக்குப் பொறுப்பில்லை"ன்னு அச்சடிச்சிருக்கு, அதனால சண்டை போடவும் வழியில்லை.

தோட்டத்துக்குள்ள வந்து பார்சல் எடுக்க யாரும் வர்றதில்லை. நுவரெலியா டவுனுக்கு பஸ் ஏறணும், அது தனிச் செலவு. செடி விலையைக் கூட்டி "டெலிவரி ப்ரீ"ன்னு போடலாமா? இல்ல, கொரியரை மாத்திப் பாக்கணுமா? மலையில இருந்து அனுப்புற அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பண்டாரவளை நர்சரி அக்கா:

தங்கச்சி, கொரியரை மாத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருத்தன் 400ம்பான், அடுத்தவன் 380ம்பான். நீ கட்டுற கூலியில பாதிக்கு மேல ஈர மண்ணுக்குப் போகுது, அதைப் பாரு முதல்ல. கொழும்புக்காரிக்கு மண் வேணும்னா அவ வீட்டுப் பக்கத்துலயே வாங்கிக்குவா.

சக்யூலன்ட்டை மண்ணே இல்லாம அனுப்பலாம். அதோட இலைக்குள்ளயே தண்ணி இருக்கு, வேர் காய்ஞ்சு கிடந்தாலும் ஒரு கிழமைக்கு ஒன்னும் ஆகாது. பார்சல் கட்டுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாலயே தண்ணி ஊத்துறதை நிப்பாட்டு. சாடியைக் கவுத்து, வேரைத் தட்டி மண்ணை உதிர்த்துரு. அதுக்கப்புறம் உடனே சுத்தாதே. நிழல்ல பேப்பர் மேல ஒரு நாள் போட்டு வை, ஒடிஞ்ச வேர் எல்லாம் காயட்டும். அந்த ஈரக் காயத்தோட பெட்டிக்குள்ள போனாத்தான் அழுகும். காய்ஞ்சதும் ஒவ்வொன்னா டிஷ்யூவுல சுத்து, அதுக்கு மேல பத்திரிகைத் தாள். பொலித்தீன் பக்கமே போகாதே, உள்ள வேர்த்து வேர்த்து எல்லாம் கூழாயிரும்.

பெகோனியாவுக்கு இது சரிவராது. அதுக்கு வேரோட ஒரு கைப்பிடி மண்ணை விட்டு வச்சு, ஈரத் தேங்காய்த் தும்புத்தூள் வச்சு, வேர்ப்பாகத்தை மட்டும் சின்னப் பொலித்தீன்ல போட்டுக் கழுத்தைக் கட்டு. இலை வெளிய இருக்கணும். தும்புத்தூளைக் கையில பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது.

இப்ப கணக்குக்கு வருவோம். எங்கிட்ட இருக்கிற ரொசெட் வகைச் சக்யூலன்ட் (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கினது) மண் இல்லாம 70, 80 கிராம். எட்டு வச்சாலும் 640 கிராம். பெட்டி, தாள், டேப் எல்லாம் 250 போட்டுக்க. 890. முதல் கிலோவுக்குள்ளயே எட்டு செடி போயிருது. நீ ஒத்தைச் செடி அனுப்பினாலும் 400, எட்டு அனுப்பினாலும் 400. எட்டு அனுப்பினா செடிக்கு 50 ரூபாதான் கூலி விழுது. அதனால ஒத்தைச் செடி விக்கிறதை நிப்பாட்டு. எட்டுச் செடி செட்டுன்னு போட்டோவை மாத்திப் போடு. செடி 2,000, கூலி 400, நீ "வீட்டுக்கே வரும், 2,350"ன்னு ஒரே விலையா போடு. 50 ரூபா உன் கையில இருந்து போகட்டும். ஒரே விலையைப் பாக்கிற ஆள் கொரியரைப் பத்திக் கேக்கவே மாட்டா. டெலிவரி ப்ரீங்கிறது செட்டுக்குத்தான் கட்டுப்படியாகும். 250 ரூபாச் செடிக்குப் போட்டா 650ன்னு விலை போடணும், எவ வாங்குவா?

பொருள் வந்த பிறகு காசுங்கிறதை நான் செடிக்கு ஒத்துக்கிறதே இல்லை. சட்டை திரும்பி வந்தா மடிச்சு வச்சு இன்னொருத்தருக்கு விக்கலாம். செடி திரும்பி வந்தா குப்பைக்குத்தான். முழுக் காசையும் முன்னால கேட்டா ஆளுங்க பயப்படுவாங்க, அதுவும் நியாயம்தான், உன்னை அவங்களுக்குத் தெரியாதே. அதனால நான் கொரியர் கூலியை மட்டும் முன்னால வாங்குவேன். 400 ரூபாவை ஈசி கேஷ்லயோ (போன் வழியா காசு அனுப்புறது) பேங்க்லயோ போடச் சொல்லு, மிச்சத்தை பொருள் கைக்கு வரும்போது குடுக்கட்டும். 400 போட்டவ போனைத் தூக்குவா. "சும்மா ஓடர் பண்ணிப் பாத்தேன்"ங்கிற ஆளுங்க இந்த இடத்துலயே கழண்டுக்குவாங்க. அவங்க போனா போகட்டும்.

இன்னொன்னு, கிழமை. வியாழன், வெள்ளி பார்சல் குடுக்காதே. சனி ஞாயிறு ஸ்டோர்ல கிடந்து புழுங்கும். நான் திங்கட்கிழமை மட்டும்தான் டவுனுக்கு எடுத்துட்டுப் போவேன், எல்லா ஓடரையும் அன்னைக்கே. பஸ் செலவும் ஒரு தடவையோட போச்சு. கலண்டரைப் பாத்து, அந்தக் கிழமை நடுவுல போயா லீவு வந்தா அடுத்த திங்களுக்குத் தள்ளிரு. வாங்குறவங்ககிட்ட முன்னாலயே "திங்கள்தான் அனுப்புவேன்"ன்னு எழுதிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

அப்புறம் பியூசியாவைக் கொழும்புக்கு விக்காதே தங்கச்சி. நம்ம குளிர்ல பூக்கிற செடி அது. நீ எவ்வளவு நல்லா கட்டி அனுப்பினாலும் அங்க சூட்டுல ஒரு மாசம் தாங்காது. பேர் உனக்குத்தான் கெடும்.

வெலிமடைத் தோட்டக்காரன்:

அக்கா சொன்னதுல எல்லாம் இருக்கு. மண் விசயத்துல ஒன்னு சேத்துக்கிறேன். நுவரெலியாப் பக்க மண்ணுல உருளைக்கிழங்கு வேரைத் தாக்குற வட்டப்புழு இருக்கிறது தெரிஞ்ச விசயம். கண்ணுக்கு லேசுல தெரியாத முட்டைக்கூடு மண்ணோட ஒட்டிக்கிட்டே ஊர் மாறும், வருசக்கணக்கா உயிரோட கிடக்கும். எங்க பக்கம் கிழங்கை நம்பித்தான் பல வீட்ல அடுப்பு எரியுது. அதனால வெலிமடை, ஊவா பரணகம பக்கம் அனுப்புறதா இருந்தா வேரைக் கழுவித் தண்ணியை வடியவிட்டு, புதுத் தும்புத்தூள்ல வச்சு அனுப்புங்க. எடையும் குறையும், எங்களுக்கும் நிம்மதி.

பெட்டி அளவையும் பாத்துக்குங்க. சில கொரியர்ல எடையை விட அளவு கூடினா அளவுக்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீற்றர்ல பெருக்கி 5,000ஆல வகுப்பாங்க. ஹைட்ரேஞ்சியாவை நிமிர்த்தி வைக்க 60க்கு 25க்கு 25 பெட்டி எடுத்தீங்கன்னா அது 7.5 கிலோன்னு கணக்காகும், உள்ள இருக்கிறது ஒன்றரைக் கிலோவா இருந்தாலும்.

கந்தப்பளைச் செடிக்காரி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. வட்டப்புழு விசயம் எனக்குத் தெரியாது. ஹைட்ரேஞ்சியாவை அப்ப எப்படித்தான் அனுப்புறது? அதைத்தான் கூடக் கேக்கிறாங்க, அந்த நீலத்துக்காகவே. பெரிய செடியா கேக்கிறவங்களுக்கு பஸ்ல போட்டு விடலாமான்னும் யோசிக்கிறேன்.

பண்டாரவளை நர்சரி அக்கா:

ஹைட்ரேஞ்சியாவைக் கம்பா வித்துரு. பூக்காத தண்டுல ரெண்டு மூணு கணு வர்ற மாதிரி வெட்டி, பெரிய இலையைப் பாதியா கத்தரிச்சு, அடிப்பக்கத்தை ஈரத் தும்புத்தூள்ல சுத்து. பத்துக் கம்பு 300 கிராம் வராது, பெட்டியும் சின்னது. வேர் பிடிக்க வைக்கிற முறையை ஒரு தாள்ல எழுதி உள்ள போடு. "வேர் பிடிக்காத கம்பு"ன்னு விளம்பரத்துல பெரிசா எழுதிரு, இல்லைன்னா செடி எங்கன்னு கேப்பாங்க.

நீலம்னு மட்டும் சத்தியம் பண்ணாதே. நம்ம தேயிலை மண் புளிப்பு மண், அதனால அலுமினியம் வேர்ல ஏறி பூ நீலமா வருது. சுண்ணாம்பு மண்ணுல வச்சா அதே செடி ரோஸ் கலர்ல பூக்கும். யாழ்ப்பாணத்துல இருந்து கேக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லிட்டுத்தான் காசு வாங்கு. சொல்லாம அனுப்பினா வேற செடியைக் குடுத்து ஏமாத்திட்டேன்னு உன் ஃபேஸ்புக் பக்கத்துல வந்து எழுதுவாங்க, அதை அழிக்க முடியாது.

பஸ் அஞ்சு கிலோவுக்கு மேல போற பார்சலுக்குச் சரி. கொழும்பு பஸ் கண்டக்டர்கிட்ட பேசிக் குடுத்து, பஸ் நம்பரையும் அவர் போன் நம்பரையும் வாங்குறவங்களுக்கு அனுப்பிரு. அவங்க புறக்கோட்டைக்கு வந்து நின்னு எடுத்துக்கணும். வரமுடியாதுங்கிறவங்களுக்கு இது வேண்டாம். ரயில்லயும் முந்தி அனுப்புவேன். 2025 நவம்பர்ல டித்வா புயல்ல ரயில் பாதை பெயர்ந்த பிறகு ரயிலை நம்பி நான் ஓடர் எடுக்கிறதில்லை.

உப தபாலக மாமா:

மகள், கொரியர் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தபாலையும் மறந்துவிடாதீர்கள். உயிர்ச் செடிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், பல கைமாறிப் போக நாளாகும். ஆனால் பூவிதை விற்பதாக இருந்தால் தபாலை மிஞ்ச ஒன்றுமில்லை. காகித உறையில் மட்டமாகப் போட்டு, தடித்த மட்டையை இரண்டு பக்கமும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கொரியரின் முதல் கிலோக் கூலியோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உப தபாலகங்கள் இருக்கின்றன, கொரியர்காரர் ஏறாத ஊருக்கும் போய்ச் சேரும். பொருளைக் கொடுத்துக் காசை வாங்கித் தரும் சேவை தபால் திணைக்களத்திலும் உண்டு.

விலாசத்தில் அஞ்சல் குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். நுவரெலியாவுக்கு 22200, பண்டாரவளைக்கு 90100 என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. நம் தோட்டத்து ஆட்களே உங்களிடம் வாங்கினால் இன்னும் கவனம் தேவை. தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் பார்சல் தோட்டத்து ஆபீஸில் போய்க் கிடக்கும். டிவிசன், லய இலக்கம், இரண்டு போன் நம்பர் எல்லாம் கேட்டு வாங்குங்கள். மேல் டிவிசனில் சிக்னல் இல்லாதவர்களுக்கு டவுனில் உள்ள ஒரு கடை விலாசத்தை எழுதுவது நல்லது.

வத்தளையிலிருந்து ஒரு வாங்குபவர்:

நான் செடி வாங்குற பக்கம். அக்கா சொன்ன ஒரே விலை எனக்கும் பிடிக்கும். ஆனா பெட்டி வந்த அன்னைக்கே நாங்க என்ன செய்யணும்னு யாராவது எழுதி அனுப்பினா நல்லம். மண்ணில்லாம வந்த செடியைப் பாத்து, காய்ஞ்சு போச்சுன்னு நினைச்சு, உடனே தண்ணியில ஊற வச்சுட்டேன். செத்துப் போச்சு. விக்கிறவங்களைத் திட்டினேன், அவங்களும் பாவம்தான்.

பண்டாரவளை நர்சரி அக்கா:

வத்தளைக்காரர் சொன்னதைக் குறிச்சு வச்சுக்க. சின்னத் துண்டுத்தாள் போதும்: "காய்ஞ்ச மண்ணுல நடுங்க, நாலஞ்சு நாள் தண்ணி வேண்டாம், நேர் வெயில் வேண்டாம்." தமிழ்லயும் சிங்களத்துலயும். அந்தத் தாள் வச்சதுக்கப்புறம் எனக்கு "செடி செத்துருச்சு" போன் ரொம்பக் குறைஞ்சுது. கட்டுறதுக்கு முன்னால செடிகளை வரிசையா வச்சு ஒரு போட்டோ, பெட்டி மூடுறதுக்கு முன்னால இன்னொன்னு. அதை வாங்குறவங்களுக்கு அனுப்பிட்டு அப்புறம் டேப் ஒட்டு.

கந்தப்பளைச் செடிக்காரி:

செட் போட்டோ மாத்திப் போட்டுட்டேன் அக்கா. "எட்டு வகை, வீட்டுக்கே வரும், 2,350, கூலி 400 முன்பணம், திங்கட்கிழமை மட்டும்." கனடாவுல இருக்கிற ஒரு அக்காவும் கேட்டிருக்காங்க, அங்கயும் அனுப்பலாமா? அதோட எட்டுச் செடிப் பெட்டியைச் சமையல் தராசுல நிறுத்தா 980 கிராம் வருது. இது சரியா?

பண்டாரவளை நர்சரி அக்கா:

கனடா வேண்டாம். வெளிநாட்டுக்குச் செடி போகணும்னா தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுக்கணும், அதுக்குக் கட்டுநாயக்கவுல இருக்கிற தாவரத் தொற்றுகாப்புச் சேவைக்குப் போகணும். எட்டுச் செடிக்கு அந்த அலைச்சல் கட்டாது. அந்த அக்கா ஊருக்கு வரும்போது பாத்துட்டுப் போகட்டும்.

980 ஆகாது. உன் தராசும் கவுன்டர் தராசும் ஒன்னா நிக்காது, அங்க 1,010 காட்டினா 90 ரூபா போச்சு. 930க்கு மேல போகாம பாத்துக்க. அந்தப் பெட்டி பிஸ்கட் பெட்டியா? பார்மசியில மருந்து வர்ற பெட்டி மெலிசா இருக்கும், கேட்டா சும்மாவே தருவாங்க. அதுலயும் எடை நிக்கலைன்னா ஏழு செடியும், புதுச் செடி முளைக்க நல்ல முழு இலை நாலும் போட்டு விலையைக் கொஞ்சம் குறைச்சுப் போடு. விளம்பரத்துல எட்டுன்னு இருக்கிறதையும் அதுக்கேத்த மாதிரி மாத்திரு.