நாளைக்கு ராத்திரி ஃப்ளைட், பெட்டி 26 கிலோ: எதை வெளிய எடுக்க?

தவிப்பு: போற ஊர் கடலோரம். பெரிய குளிர் இல்லையாம், ஆனா ஓயாத மழையாம். 23 கிலோதான் அனுமதி, தராசு 26 காட்டுது. 4 ஜீன்ஸ், ஒரு தடி ஜாக்கெட், 2 குடை, ஷூ எல்லாம் உள்ள இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கொடிக்கயிறு: அதை விடுங்க, துணியை எங்க காயப்போடுவீங்க? மழை ஊர்ல அதுதான் தலைவலி. துவைச்சதைப் பெரிய துண்டுல வச்சுச் சுருட்டி, மேல ஏறி மிதிங்க. அப்புறம் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. மூடின அறைன்னா அந்த ஈரமெல்லாம் சுவர்ல உட்கார்ந்து பூஞ்சை பிடிக்கும்.

நனைஞ்சகோழி: அவர் கேட்டது பெட்டி, நீங்க சொல்றது கொடி. தவிப்பு, 3 ஜீன்ஸை எடுத்துடுங்க. ஒண்ணு 600, 700 கிராம் வரும். அடி ஓரம் நனைஞ்சா போதும், திரி எண்ணெய் இழுக்கற மாதிரி ஈரம் மேல ஏறும், லேசுல காயாது. பதிலுக்கு 2 பாலியெஸ்டர் பேன்ட் வைங்க. குடை ரெண்டுமே வேண்டாம், கடல்காத்துல கம்பி மடங்கிடும்.

குடைபக்தன்: குடையே வேண்டாம்னா எப்படி? காத்தில்லாத தூறலுக்கு அதுதான் சௌகரியம். மழைக்கோட்டோட ஹூட்டைத் தலையில போட்டா பக்கத்துல வண்டி வர்றதே தெரியாது. ஒண்ணு இருக்கட்டும். ஃபைபர் கம்பின்னா வளைஞ்சு நிமிரும்.

நனைஞ்சகோழி: கயிறை இறுக்கினா ஹூட் தலையோட சேர்ந்து திரும்பும். கயிறே இல்லாத ஹூட்டைத் தச்சு விக்கறவனைத்தான் திட்டணும்.

கொடிக்கயிறு: 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு பொடி எழுத்துல போட்டு, மழைக்கோட்டு வரிசையில தொங்கவிடறவனை? அது தூறலுக்கு மேல தாங்காது.

குடைபக்தன்: 'லேசான மழை'ன்னு சொல்ற வானிலை ஆப்பை விட்டுட்டீங்களே.

தையல்பட்டி: எல்லாரும் பெட்டிக்கு வாங்க. தவிப்பு, ஜாக்கெட்டுக்குள்ள இறகா, பஞ்சா? சொல்லவே இல்லையே. இறகு நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கும், சூடு நிக்காது. செயற்கைப் பஞ்சு ஓரளவு தாங்கும். உள்பக்கம் திருப்பிப் பாருங்க, தையல் மேல நீளமா பட்டி ஒட்டியிருக்கா? இல்லைன்னா ஊசித் துளை வழியா தண்ணி இறங்கும். எடைக் கணக்கு இது: ஜீன்ஸ் 3 போய் பேன்ட் 2 வந்தா மிச்சம் ஒண்ணே கால் கிலோ. ஒரு குடை போகட்டும். ஜாக்கெட்டையும் ஷூவையும் போட்டுக்கிட்டே ஏறுங்க. பருத்தி சாக்ஸுக்குப் பதிலா கம்பளி சாக்ஸ் 4 ஜோடி.

தவிப்பு: இறகுதான். பட்டியும் இல்லை. தராசு இப்போ 22.6.

தையல்பட்டி: அப்போ அது உள்ள போடத்தான். மேலுக்கு மெல்லிசா ஒரு ரெயின் ஜாக்கெட் இறங்கினதும் வாங்குங்க, இதைப் போட்டுக்கிட்டே அளவு பாருங்க. அந்த ரெயின் ஜாக்கெட்டைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் மட்டும் ஊத்திடாதீங்க, தண்ணி உருண்டு ஓடறது நின்னுடும்.