மறுமொழி: உறவுப்பெயரா, பிணைபெயரா?

வணக்கம். ஆங்கிலத்தில் 'ரிலேட்டிவ் ப்ரொனவுன்' எனப்படும் ஹூ, விச் போன்ற சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> 'ரிலேட்டிவ் ப்ரொனவுன்' என்பதற்கு 'உறவுப்பெயர்' என்றே வைத்துவிடலாமே. நேர்ப்பொருள் வருகிறது, சொல்லும் எளிது.

நேர்ப்பொருள் வருவதுதான் சிக்கலே. உறவுப்பெயர் என்றால் தமிழில் மாமா, அத்தை, சித்தப்பா. 'இந்த ஆங்கில வாக்கியத்தில் உறவுப்பெயரை அடிக்கோடிடு' என்று கேள்வித்தாளில் கேட்டால், பிள்ளைகள் 'அங்கிள்' எங்கே என்று தேடுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை.

பெயர் வைப்பதற்கு முன்னால் அந்தச் சொல் பார்க்கும் வேலையைப் பார்ப்போம். 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. இங்கே ஹூ பையனுக்குப் பதிலாக நின்று 'கேம்' என்ற வினைக்கு எழுவாயாகிறது. 'ஹூ கேம் எஸ்டர்டே' என்ற அந்தத் துணைத்தொடரைப் பையனோடு பிணைத்தும் விடுகிறது. தமிழில் 'நேற்று வந்த பையன்' என்கிறோம். பிணைக்கிற வேலையை 'வந்த' என்பதன் கடைசி அகரமே பார்த்துக்கொள்கிறது; பதிலுக்கு நிற்க ஆளே வேண்டாம். 'நேற்று அவன் வந்த பையன்' என்று நாம் சொல்வதில்லை. அரபு இதற்கு நேர் எதிர். 'நான் பார்த்த ஆள்' என்பதை 'அர்ரஜுலுல்லதீ ரஅய்த்துஹு' என்பார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஹு' என்பது 'அவனை'. ஆங்கிலத்தில் 'ஹூம் ஐ சா ஹிம்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் ஹிம்மை அடிப்பார், ஏனென்றால் அதன் இடத்தை ஹூம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்புறம், இந்தத் துணைத்தொடரையே 'பெயரெச்சத் தொடர்' என்று சொல்லலாம் என்ற யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. எச்சம் என்றால் 'வந்த' போல வினை முடியாமல் நிற்க வேண்டும். 'ஹூ கேம்' என்பதில் 'கேம்' முழு வினைமுற்று. தமிழ் இலக்கணத்தில் இவ்வளவு துல்லியமாக இருக்கும் ஒரு சொல்லை வேறு மொழியின் வேறு அமைப்புக்குக் கடன் கொடுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம்.

வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிவது இங்கே: நான் எழுதிய கடிதம், நான் எழுதிய பேனா, நான் எழுதிய மேசை. மூன்றிலும் ஒரே 'எழுதிய'. செய்பொருள், கருவி, நிலம் என்று நன்னூல் சொல்லும் அறுபொருளில் எது என்பதைக் கேட்பவரே புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அப்படி விடாது. கடிதத்துக்கு 'விச் ஐ ரோட்' போதும். பேனாவுக்கு 'வித் விச்', மேசைக்கு 'ஆன் விச்'. வேற்றுமை உறவு வெளிப்படையாக வந்தாக வேண்டும். 'ஹூ, ஹூம், ஹூஸ்' என்று உருவே மாறுவதும் இதனால்தான்: எழுவாய், இரண்டாம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை. வேற்றுமை ஏற்பது பெயர் என்பது நம் இலக்கணத்தின் பழைய அளவுகோல். ஆகவே இவை பெயர்தான்.

என் பரிந்துரை 'பிணைபெயர்'. பிணைத்த, பிணைக்கிற, பிணைக்கும் பெயர்; வினைத்தொகை, எனவே நடுவில் 'ப்' போடாதீர்கள். 'தொடுப்புப்பெயர்' என்றும் யோசித்தேன். பேச்சுவழக்கில் 'தொடுப்பு' என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வகுப்பறையில் சிரிப்பு அடங்காது. துணைத்தொடருக்கு 'பிணைதொடர்' போதும்.

இனி 'தட்'. பள்ளி இலக்கணங்கள் இதையும் ஹூ, விச் வரிசையிலேயே சேர்க்கின்றன. நாமும் அப்படியே செய்யலாம் என்று இங்கே இருவர் எழுதியிருக்கிறார்கள். நான் மறுக்கிறேன். 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்ட்' சரி, 'இன் தட் ஐ லிவ்ட்' தப்பு. இன், ஆன் போன்ற முன்னிடைச்சொல்லைத் தாங்காது, ஹூம், ஹூஸ் போல வேறு உருவும் கிடையாது. மேலே சொன்ன அளவுகோலில் இது தேறவில்லை. ஆங்கில அறிஞர்களிலும் இதே கருத்து உண்டு: ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இந்தத் 'தட்'டைப் பெயராகக் கொள்வதில்லை.

'தி புக் தட் ஃபெல்' என்பதில் அது எழுவாய் இல்லையா என்று கேட்பீர்கள். 'விழுந்த புத்தகம்' என்பதில் எழுவாய் எங்கே இருக்கிறது? காலியான எழுவாய் இடம் தமிழருக்குப் புதிதா என்ன! இந்தத் 'தட்' வெறும் இடைச்சொல். 'பிணைசொல்' என்று தனியே பெயர் கொடுப்போம். 'தி புக் ஐ பாட்' என்று அதையும் விட்டுவிட்டுப் பேசுகிறார்களே, அதற்குப் புதுச் சொல் வேண்டாம், 'பிணைசொல் தொக்கது' என்றால் முடிந்தது. தொகை, அதாவது வர வேண்டியது மறைந்து நிற்பது, என்ற கருத்து நம்மிடம் இருக்கிறது.

ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. 'ஹி கேம் லேட், விச் அன்னாய்ட் மீ'. இங்கே விச் எந்தப் பெயருக்கும் பதிலாக நிற்கவில்லை. அவன் தாமதமாக வந்தான் என்ற முழு வாக்கியத்துக்கு நிற்கிறது. ஆனால் 'அவன் தாமதமாக வந்தான், அது எனக்கு எரிச்சலாக இருந்தது' என்னும்போது அந்த 'அது'வும் அப்படித்தான் நிற்கிறது, அதை நாம் சுட்டுப்பெயர் என்றுதான் சொல்கிறோம். ஆகவே பிணைபெயர் இங்கேயும் செல்லும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.