விண்டோஸ் 11க்கு மாறினேன், ஸ்கேனர் படுத்துவிட்டது

புளியரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செங்கோட்டை ஆட்களும் ஆரியங்காவு ஆட்களும் வருவார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டதால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு 11 ஏற்றினேன். பிரிண்டர் ஓடுகிறது. பழைய ஸ்கேனர்தான் விளக்கு எரிந்தும் அசைய மாட்டேன் என்கிறது. கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன்மேல் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம். ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். தயவுசெய்து புதுசு வாங்கச் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: அண்ணாச்சி, முன்பு இருந்த விண்டோஸ் 10, 32 பிட் வகையா? கம்ப்யூட்டருக்கான 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான். ஸ்கேனரை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழைய 32 பிட் என்றால் அதில் ஏறாது.

கடைக்காரர்: 32 பிட்தான். கம்பெனி தளத்தில் 64 பிட் டிரைவரே இல்லை.

பதில்: வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், பழைய ஸ்கேனர்கள் பலவற்றுக்கு அதிலேயே டிரைவர் உண்டு. காசு கட்டும்வரை படத்தின் மேல் முத்திரை விழும், சோதிக்க அது போதும். அப்புறம், பழைய டிரைவரை ஏற்ற யாராவது 'மெமரி இன்டெக்ரிட்டியை அணை' என்றால் கேட்காதீர்கள், அது விண்டோஸின் பாதுகாப்பு வசதி. ஊர் ஆதாரெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது!

கடைக்காரர்: கரகரவென்று நகர்ந்துவிட்டது தம்பி. முத்திரை குறுக்கே விழுந்தாலும் எழுத்து தெளிவு. காசு கட்டிவிடுகிறேன்.