தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை ஆபீஸாக மாற்ற முடியுமா?

வரைபலகை:
வணக்கம். பாலிடெக்னிக்கில் கட்டட வடிவமைப்பு படிக்கிறேன். பழைய ரயில் நிலையம் ஒன்றை நவீன அலுவலகமாக மாற்றித் திட்டம் வரையச் சொல்லியிருக்கிறார்கள், நான் நம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரை எடுத்துக்கொண்டேன். 1932-இல் திறந்தது, 2011 ஜூன் 30-ஓடு ரயில் நின்றது, அதே வருடம் தேசிய நினைவுச்சின்னமும் ஆனது. பெரிய மண்டபத்தில் இடைத்தளம் போட்டால் நிறைய மேசைகள் கிடைக்கும், ஆனால் அதில் கை வைக்கவே மனசு வரவில்லை. ஏர்கானையும் மீட்டிங் ரூமையும் எங்கே வைப்பது?

ஈசூன் அண்ணன்:
இடைத்தளத்தை மறந்துவிடு தங்கச்சி. அந்த வளைந்த கூரையும் சுவரில் இருக்கும் பெரிய சித்திரங்களும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் செய்தவை, நடுவில் ஒரு தளம் வந்தால் இரண்டும் போச்சு. தேசிய மரபுடைமைக் கழகமும் லேசில் அனுமதி தராது.

நான் ஏர்கான் வேலையில் இருப்பவன். அவ்வளவு உயரமான மண்டபம் முழுவதையும் குளிர வைக்க வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். அதனால் தரையோடு நிற்கும் பெட்டிகளிலிருந்து மெதுவாக விட்டால் ஆட்கள் இருக்கும் உயரம் மட்டும் குளிரும், சூடு மேலே போய்விடும், கூரையில் குழாயே வேண்டாம். மீட்டிங் ரூமைச் சுவரைத் தொடாத தனிக் கண்ணாடி அறையாக வை, நாளைக்குக் கழற்றினால் தடம் இருக்கக் கூடாது. ஒன்றில் மட்டும் கவனம்: வாசலைத் திறந்து போட்டு ஏர்கானையும் ஓடவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றுக்குக் குளிர்ந்த சுவரெல்லாம் வியர்க்கும், சித்திரங்கள் பாழாகும்.

புக்கிட் மேரா அக்கா:
மண்டபத்தில் ஆபீஸே வேண்டாம்மா. மேல்மாடியில் முன்பு ஹோட்டல் நடந்தது, சின்னச் சின்ன அறைகள், மேசைகளை அங்கே போடு. அந்தச் சித்திரங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள், நெல் நடுகிறார்கள், ஈயம் எடுக்கிறார்கள். தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அதைப் பார்க்க ஆபீஸ் அட்டையைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் எனக்கு ஒப்பவே ஒப்பாது.

ரயில் பிரியன்:
அக்கா சொல்வதுதான் சரி. 2010-இல் மலேசியாவோடு பேசி முடித்தபோது அவர்கள் வசமிருந்த ரயில்வே நிலங்களுக்கு ஈடாக மரினா சவுத்திலும் ரோச்சோரிலும் இடம் கொடுத்தார்கள், அங்கே மரினா ஒன், டுவோ என்று கட்டடங்கள் எழும்பிவிட்டன. இந்த நிலையத்துக்காக ஆபீஸ் கட்டியாயிற்று, மண்டபத்தையாவது மக்களுக்கு விடலாம். அப்புறம், அடியில் எம்ஆர்டி வட்டப்பாதையின் கன்டோன்மென்ட் நிலையம் வருவதைத் திட்டத்தில் காட்டு. அதற்காகவே நடைமேடைக் கூரையில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்தார்கள். கூட்டம் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

வரைபலகை:
சரி, மண்டபம் பொது இடம், மாடியில் ஆபீஸ். ஹோட்டல் அறைகளின் நடுச்சுவர்களை எடுக்கலாமா?

ஈசூன் அண்ணன்:
எது பாரம் தாங்கும் சுவர் என்று பழைய வரைபடத்தில் பார்த்துவிட்டுச் சொல். வெறும் தடுப்பாக இருந்தாலும் முழுதாக எடுக்காதே, வாசல் அளவுக்குத் திறந்தால் போதும்.